ஃபெசன்ட் வேட்டைக்குச் சிறிய குழல் துப்பாக்கி போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கிறேன். அக்டோபரில் தெற்கு டகோட்டாவுக்கு ஃபெசன்ட் (காட்டுக்கோழிக்கு உறவான பறவை) வேட்டைக்கு வரும்படி அலுவலக நண்பர்கள் அழைக்கிறார்கள். 12 போர் (bore, அதாவது குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கியை நாள் முழுவதும் சுமந்து நடக்கவும் அதன் உதையைத் தோளில் தாங்கவும் என்னால் இயலவில்லை. 20 அல்லது 28 போர் வாங்கலாமா என்று கேட்டதற்கு, 28 போர் காடைக்குத்தான் உதவும், ஃபெசன்ட் சேவலை வீழ்த்தாது என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?
— ஒரு வாசகர், மினியாபோலிஸ்

பதில்: முழுமையாகச் சரியில்லை. 20 போரைத் தயங்காமல் வாங்கலாம். 28 போரையும் வாங்கலாம். ஆனால் 30 கெஜத்துக்கு அப்பால் எழும் பறவையைச் சுடாமல் விட்டுவிடும் மனக்கட்டுப்பாடு உங்களுக்கு இருக்க வேண்டும்.

ஏன் என்பதை விளக்குகிறேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே 12 போர் குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டைகளாக உருட்டினால் 15.6 மில்லிமீட்டர், இருபத்தெட்டாக உருட்டினால் 14 மில்லிமீட்டர். எண் கூடக்கூடக் குழல் குறுகுவதற்குக் காரணம் இதுதான். இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பது 410 மட்டுமே. அது அங்குலத்தில் சொல்லப்படும் நேரடி விட்டம், அதாவது 0.410 அங்குலம்.

குழல் சிறியதென்றால் ரவை (தோட்டாவிலிருந்து பாயும் சிறு உலோக உருண்டைகள்) மெதுவாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். இது உண்மையன்று. வேட்டைத் தோட்டாக்களில் பெரும்பாலானவை, எந்தப் போராக இருந்தாலும், நொடிக்கு 1,200 முதல் 1,300 அடி வேகத்திலேயே ரவையை வெளியே தள்ளுகின்றன. எனவே 28 போரிலிருந்து செல்லும் 6-ஆம் எண் ரவை (எண் குறையக்குறைய ரவை பெரிதாகும்) ஒன்று பறவையின் மீது படும்போது உண்டாக்கும் அதிர்வும் துளைப்பும், அதே தூரத்தில் 12 போரிலிருந்து வரும் 6-ஆம் எண் ரவையினுடையதற்குச் சமமே. வேறுபாடு ரவைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. ஓர் அவுன்ஸ் ஈயத்தில் 6-ஆம் எண் ரவைகள் சுமார் 225 இருக்கும். 12 போரின் வழக்கமான ஃபெசன்ட் தோட்டாவில் 1¼ அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 281 ரவைகள். 20 போரில் 1 அவுன்ஸ், 225 ரவைகள். 28 போரில் ¾ அவுன்ஸ், 168 ரவைகள்.

இவற்றில் எத்தனை ரவை இலக்கைச் சூழும் என்பதை முடிவு செய்வது குழல் முனையின் குறுக்கம், அதாவது சோக். 40 கெஜத் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள், ‘ஃபுல்’ சோக் 70 விழுக்காட்டு ரவைகளையும், ‘மாடிஃபைட்’ 60 விழுக்காட்டையும், ‘இம்ப்ரூவ்டு சிலிண்டர்’ 50 விழுக்காட்டையும் சேர்க்கும் என்பது நெடுங்கால அளவுகோல். மாடிஃபைட் சோக்கில் 28 போரின் 168 ரவைகளுள் ஏறத்தாழ நூறு வட்டத்துக்குள் விழும். ஃபெசன்ட் போன்ற பறவைக்கு அந்த வட்டத்தில் தொண்ணூறு முதல் நூறு ரவையாவது இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கருதுகிறார்கள். ஆகவே கணக்கின்படி 40 கெஜத்திலும் 28 போர் தேறிவிடுகிறது. ஆனால் துளியும் மிச்சமில்லாமல் தேறுகிறது. குறி அரையடி விலகினாலோ, பறவை நேர் எதிர்த்திசையில் பறந்தாலோ, 12 போரின் 281 ரவைகளுள் வட்டத்துக்குள் விழும் 168 தரும் பாதுகாப்பு இங்கே இல்லை. அதனால்தான் 30 கெஜம் என்று வரம்பிடுகிறேன்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 12 போரில் 1¼ அவுன்ஸ் 4-ஆம் எண் ரவையைப் போட்டால் அதிலும் ரவைகள் சுமார் 168 தான். எண்ணிக்கை 28 போரின் 6-ஆம் எண் தோட்டாவுக்குச் சமம், ஆனால் ஒவ்வொரு ரவையும் பெரியது (3.3 மில்லிமீட்டர், 6-ஆம் எண்ணுக்கு 2.8), ஆகவே தொலைவிலும் ஆழமாகத் துளைக்கும். சிறிய போரில் எண்ணிக்கை வேண்டுமானால் ரவையின் பருமனைக் குறைக்க வேண்டும், பருமன் வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இரண்டும் ஒருசேரக் கிடைப்பதற்கு ஒரே வழி பறவையை நெருங்குவது.

அக்டோபரில் நெருங்குவது எளிது. தெற்கு டகோட்டாவில் பருவம் அம்மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. அப்போது வயல்களில் இருக்கும் சேவல்களில் பெரும்பகுதி அந்த ஆண்டே பொரித்தவை. புல்லுக்குள் பதுங்கியிருந்து, நாய் நெருங்கியபின் பதினைந்து இருபது கெஜத்தில் எழும். டிசம்பரில் நிலைமை வேறு. தப்பிப் பிழைத்த சேவல்கள் காரின் கதவு சாத்தும் ஒலியைக் கேட்டே ஓடத் தொடங்கிவிடும், நாற்பது கெஜத்துக்கு அப்பால் எழும், இறகும் கொழுப்பும் அடர்ந்திருக்கும். நீங்கள் அக்டோபரில் மட்டும் செல்வதாக இருந்தால், நண்பர்களுடைய நாய் அருகிலேயே வேலை செய்வதாக இருந்தால், 28 போரும் 6-ஆம் எண் ரவையும் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக்கும் உங்களுக்குப் போதும். பருவம் முழுவதும் செல்ல எண்ணினால் 20 போரே என் பரிந்துரை. 2¾ அங்குலத் தோட்டா, 1 அவுன்ஸ், 5 அல்லது 6-ஆம் எண் ரவை. 20 போருக்கு 1¼ அவுன்ஸ் நிரப்பிய 3 அங்குலத் தோட்டாவும் கிடைக்கிறது, அதை வாங்காதீர்கள். ஆறு பவுண்டுத் துப்பாக்கியில் அது கொடுக்கும் உதை, நீங்கள் தப்பிக்க விரும்பும் 12 போரின் உதையைவிடக் கடுமையாகவே இருக்கும்.

எடை பற்றி நீங்கள் சொன்னது நியாயமானது. 12 போர் பெரும்பாலும் 7 முதல் 7½ பவுண்டு, 20 போர் 6 முதல் 6½ பவுண்டு, 28 போர் 5½ முதல் 6 பவுண்டு இருக்கும். சோளக்கொல்லையிலும் இடுப்பளவு புல்லிலும் ஆறு மணி நேரம் நடப்பவருக்கு ஒரு பவுண்டு வேறுபாடு பெரிது. களைத்த கை துப்பாக்கியைத் தாமதமாகவே தோளுக்கு உயர்த்தும், அந்தத் தாமதத்தில் சேவல் பத்து கெஜம் கூடுதலாகப் போய்விடும்.

கிளம்புமுன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். நாற்பது அங்குலச் சதுரமான காகிதத்தை நிறுத்தி, வாங்கப்போகும் அதே தோட்டாவால் 30 கெஜத்திலிருந்து சுட்டு, ரவை அடர்ந்து விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் வரைந்து, துளைகளை எண்ணுங்கள். ஐந்தாறு காகிதங்கள் சுட்டுச் சராசரி பார்க்க வேண்டும். நான் மேலே சொன்ன விழுக்காடுகள் பொதுவானவை. உங்கள் குழல் என்ன செய்கிறது என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

கேள்வி: பக்கத்து வீட்டு முதியவர் தம் பழைய இரட்டைக் குழல் 20 போர் துப்பாக்கியை எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். அரசுப் பொது நிலங்களில் ஈய ரவை பயன்படுத்தக் கூடாது என்கிறார்களே, அதில் எஃகு ரவை சுடலாமா?
— ஒரு வாசகர், ஃபார்கோ, வடக்கு டகோட்டா

பதில்: முதலில் சட்டம். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடை இருக்கிறது. ஃபெசன்ட்டுக்கு அப்படிப்பட்ட பொதுத் தடை இல்லையென்றாலும், கூட்டரசு பராமரிக்கும் நீர்ப்பறவைப் பெருக்க நிலங்களில் எந்தப் பறவையைச் சுட்டாலும் நச்சற்ற ரவையே வேண்டும். டகோட்டாக்களில் பொது வேட்டைக்குத் திறந்துள்ள நல்ல நிலங்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

பழைய துப்பாக்கியில் எஃகு வேண்டாம். எஃகு ரவை ஈயத்தைப் போல நசுங்கிக் கொடுக்காது. மெல்லிய பழைய குழலின் இறுகிய சோக்கில் அது உப்பலையும் பிளவையும் உண்டாக்கலாம். மேலும் பழைய 20 போர்களில் சிலவற்றின் தோட்டா அறை 2½ அங்குலமே இருக்கும். இன்றைய 2¾ அங்குலத் தோட்டா அதில் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது வாய் முழுதும் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். வாங்குமுன் துப்பாக்கிக் கம்மியரிடம் அறையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அவர் சரியென்றால் பிஸ்மத் ரவையை நாடுங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, பிஸ்மத் 9.6, எஃகு 7.8. அடர்த்தி குறைந்த ரவை காற்றில் விரைவில் வேகமிழக்கும், அதை ஈடுகட்ட எஃகில் இரண்டு எண் பெரிய ரவையை எடுப்பது வழக்கம். ஈயத்தில் 5 என்றால் எஃகில் 3. 12 போருக்கு இது எளிது, தோட்டாவில் இடம் இருக்கிறது. 20 போரில் 3 அங்குலத் தோட்டாவில் ⅞ அவுன்ஸ் 3-ஆம் எண் எஃகு ரவை போட்டால் ஏறத்தாழ 138 கிடைக்கும். புதிய துப்பாக்கியில் 30 கெஜம் வரை அது நன்றாக வேலை செய்யும். 28 போரில் பெரிய எஃகு ரவைக்கு இடமே போதாது. எஃகுத் தோட்டாவோடு 28 போரை ஃபெசன்ட்டுக்கு எடுத்துச் செல்வதை நான் ஏற்பதில்லை. பிஸ்மத்தின் விலை கூடுதலானாலும் ஒரு நாள் வரம்பு மூன்று சேவல்தான் என்பதால், செலவாகும் தோட்டாக்களும் சிலவே.

கேள்வி: என் பதின்மூன்று வயது மகன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டான். உதை குறைவு என்பதால் அவனுக்கு 410 வாங்கித் தரலாம் என்று உறவினர் சொல்கிறார். ஃபெசன்ட்டுக்கு அது ஏற்றதா?
— ஒரு தாய், விச்சிட்டா, கான்சஸ்

பதில்: இல்லை, அம்மா. உதை குறைவு என்பது உண்மை. ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் கையில் 410 கொடுப்பது மிகக் கடினமான கருவியை முதலில் கொடுப்பதாகும். அதன் 2½ அங்குலத் தோட்டாவில் இருப்பது அரை அவுன்ஸ். 6-ஆம் எண் ரவை 112 தான். 3 அங்குலத் தோட்டாவில் சுமார் 155 வரை வரும், ஆனால் அந்த ஈயமெல்லாம் பத்து மில்லிமீட்டர் குழலுக்குள் நீண்ட தூணாக அடுக்கப்பட்டிருக்கிறது. வெடித்த கணத்தில் தூணின் அடியிலுள்ள ரவைகள் மேலுள்ளவற்றின் பாரத்தால் நசுங்கி, உருண்டை வடிவத்தை இழந்து, பக்கவாட்டில் சிதறிப் போகின்றன. காகிதத்தில் நீங்கள் காணும் எண்ணிக்கை, கணக்கில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும். தேர்ந்த சிலர், பறவை பதுங்கிய இடத்தைக் காட்டி அசையாமல் நிற்கும் நாயின் முன் இருபது கெஜத்துக்குள் 410-ஆல் ஃபெசன்ட் வீழ்த்துகிறார்கள். அவர்கள் சுடாமல் விடும் பறவைகளே மிகுதி.

சிறகு மட்டும் ஒடிந்து விழும் சேவல் புல்லுக்குள் புகுந்து ஓடிவிடும். நல்ல நாய் இல்லாவிட்டால் அதைக் கண்டெடுப்பது அரிது. முதல் பருவத்திலேயே அப்படி இரண்டு பறவைகளை இழந்த பிள்ளை மனமுடைந்து போவான், அந்தப் பறவைகளும் வேதனையில் சாகும். அதை நாம் தவிர்க்க முடியும்போது தவிர்க்கத்தான் வேண்டும்.

அவனுக்கு 20 போர் வாங்குங்கள். அடிக்கட்டை குட்டையாக இருக்கும் இளையோர் வடிவம் கிடைக்கிறது. வெடிவாயுவால் இயங்கும் அரைத் தானியங்கி வகை உதையின் ஒரு பகுதியைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ⅞ அவுன்ஸ் தோட்டாவில் 6-ஆம் எண் ரவை 196 இருக்கும். இருபத்தைந்து கெஜத்துக்குள் அதற்கு மேல் தேவையே இல்லை. பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் பயிற்சியின்போது ¾ அவுன்ஸ் தோட்டா கிடைத்தால் அதிலேயே தொடங்கட்டும்.

கேள்வி: 12 போரிலிருந்து 28 போருக்கு மாறியபின் எளிய குறிகளையும் தவற விடுகிறேன். ரவை குறைவதுதான் காரணமா?
— ஒரு வாசகர், ஒமாகா, நெப்ராஸ்கா

பதில்: பெரும்பாலும் இல்லை. இலேசான துப்பாக்கி விரைவாக உயரும், அதே விரைவில் நின்றும் விடும். பறவையோடு சேர்ந்து நகரும் குழல், விசையை இழுக்கும் கணத்தில் நின்றுவிட்டால் ரவை பறவைக்குப் பின்னால் போகும். கனமான 12 போர் தன் எடையாலேயே நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது நீங்கள்தான் அதை நகர்த்த வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் துப்பாக்கிச் செய்நர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப் போல் 96 மடங்கு இருக்க வேண்டும். அதன்படி ¾ அவுன்ஸ் சுடும் துப்பாக்கிக்கு நாலரை பவுண்டே போதும். ஆனால் அது உதையைத் தாங்குவதற்கான கணக்கு. குறி நிலைக்க, 28 போரானாலும் ஆறு பவுண்டுக்கு அருகில், 28 அங்குலக் குழலோடு இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

மற்றொரு காரணம் சேவலின் வால். முழு வளர்ச்சியடைந்த சேவலின் நீளத்தில் பாதிக்கு மேல் வாலாக இருக்கலாம். கண் முழுப் பறவையின் நடுவை நோக்கினால், ரவை வாலின் அடியில்தான் போய் விழும். கழுத்திலுள்ள வெள்ளை வளையத்தை மட்டும் பாருங்கள். 12 போரின் அடர்ந்த ரவைக்கூட்டம் இந்தப் பிழையை இதுவரை ஓரளவு மறைத்து வந்திருக்கும்.

கேள்வி: ஃபெசன்ட் நம் காட்டுக்கோழியின் உறவா? அமெரிக்காவில் அதைச் சுட அனுமதிப்பதும், சேவலை மட்டும் சுட வேண்டும் என்பதும் ஏன்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உறவுதான். மயில், காட்டுக்கோழி, கௌதாரி எல்லாம் அடங்கிய அதே குடும்பம். ஆனால் அது அமெரிக்காவின் சொந்தப் பறவையன்று. ஷாங்காயில் அமெரிக்கத் துணைத் தூதராக இருந்த ஓவன் டென்னி சீனாவிலிருந்து அனுப்பிய பறவைகள் 1882-இல் ஆரிகன் மாநிலத்தின் வில்லமெட் பள்ளத்தாக்கில் விடப்பட்டுப் பெருகின. தெற்கு டகோட்டாவில் 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரெட்ஃபீல்ட் ஊரருகே விடப்பட்டவை நிலைத்தன. 1919-இல் அங்குள்ள ஸ்பிங்க் மாவட்டத்தில் ஒரே ஒரு நாள் முதல் வேட்டை நடந்தது. 1943-இல் அது அம்மாநிலப் பறவையாகவே ஆகிவிட்டது.

ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும் இயல்புடையது. ஆகவே சேவல்களில் கணிசமானவை குறைந்தாலும் அடுத்த ஆண்டின் குஞ்சுகள் குறைவதில்லை. அவற்றின் எண்ணிக்கையை முடிவு செய்வது புல்வெளியும் மழையும் பனியும்தான். இந்த விதி சிறிய போருக்கும் தொடர்புடையது. எழும் பறவை சேவலா பெட்டையா என்று நிறத்தாலும் கூவலாலும் தெளிந்தபின்தான் விசையைத் தொடலாம், அந்தத் தெளிவு தூரத்தில் வராது. வெயிலுக்கு எதிரே எழும் பறவை கரிய நிழலாகவே தெரியும். அப்போது சுடக் கூடாது. அமெரிக்காவில் நீண்ட குழல் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீது விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி, 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே செல்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழியையும் மயிலையும் வேட்டையாடத் தடை விதித்திருக்கிறது. இந்தப் பகுதியில் சொல்லும் எதுவும் அங்கே பொருந்தாது.

கேள்வி: நானும் மனைவியும் எச்-1பி விசாவில் இருக்கிறோம். என்னிடம் 12 போர், அவருக்கு 20 போர் வாங்க எண்ணம். சட்டத்திலும் நடைமுறையிலும் எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், டெ மாயின், அயோவா

பதில்: தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பவருக்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியான மறுநாளே அந்த விலக்கும் போய்விடும் என்பதால், இருவரும் தனித்தனியே உரிமம் எடுத்து, காலாவதியாகும் நாளைக் குறித்து வையுங்கள். பயிற்சித் திடலுக்குச் செல்லும்போதும் அது கையில் இருக்கட்டும். வாங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. விசாவை இழக்கும் அளவுக்குப் பெரிய விளைவுகள் இதில் உண்டு.

நடைமுறையில் உங்கள் வீட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் போட்டால், அது அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று எண்ணி, பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னிருப்பது அடைப்பாகி, குழல் உங்கள் இடக்கைக்கு அருகிலேயே வெடித்துப் பிளக்கும். அமெரிக்காவில் 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். 28 போர் தோட்டாவும் 20 போருக்குள் இவ்வாறே நழுவும். அதற்கு அத்தகைய எச்சரிக்கை நிறம் கிடையாது. இருவருக்கும் தனித்தனித் தோட்டாப் பை வையுங்கள். ஒருவர் மேலங்கியை மற்றவர் மாற்றி அணிய நேர்ந்தால், பைகளைக் கவிழ்த்துக் காலி செய்தபின் அணியுங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே அடுத்த தோட்டாவைப் போடக் கூடாது. குழல் முனையை ஆளில்லாத் திசையில் பிடித்து அரை நிமிடம் பொறுத்து, துப்பாக்கியைத் திறந்து, குழலின் மறுமுனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.